பர்னர் ஏன் நின்றது? – தொழிற்கூடக் கேள்வி பதில்

இந்த மாதம் பாய்லர், ஓவன், தெர்மல் ஆயில் ஹீட்டர் (ஆயிலைச் சூடாக்கிக் குழாய்களில் சுற்றவிடும் ஹீட்டர்) பற்றித்தான் அதிகக் கடிதங்கள். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். முதல் கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்டது. அதனால் அதற்கு இடம் அதிகம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஹோட்டல் துணிகளைத் துவைக்கும் சலவை ஆலையில் வேலை செய்கிறேன். மணிக்கு 2 டன் ஸ்டீம் தரும் கேஸ் பாய்லர் இருக்கிறது. காலையில் ஆன் செய்தால் பர்னர் மூன்று, நான்கு முறை லாக்அவுட் ஆகிறது, அதாவது தானாக நின்று, ரீசெட் செய்யும்வரை பூட்டிக்கொள்கிறது. "ரீசெட்டை அமுக்கிக்கொண்டே இருங்கள், பிடித்துக்கொள்ளும்" என்கிறார் சூப்பர்வைசர். கடைசியில் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சில நாள் பிடிக்கும்போது 'டொம்' என்று ஒரு சத்தம் வருகிறது. இது ஆபத்தா?
– வாசகர், சிகாம்புட்

பதில்: ஆபத்துதான். 'டொம்' சத்தம் கேட்டால் அதற்குப் பிறகு ரீசெட்டில் கை வைக்காதீர்கள். கேஸ் காக்கை (குழாயில் கையால் மூடும் வால்வை) மூடுங்கள்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம், கேஸ் வந்த உடனே பற்றாமல் சற்றுத் தாமதமாகப் பற்றியதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 டன் பாய்லர் முழு வேகத்தில் எரியும்போது மணிக்கு ஏறக்குறைய 170 கனமீட்டர் இயற்கை எரிவாயு எடுக்கும். பற்றவைக்கும் நேரத்தில் அதில் கால் பங்குதான் வருகிறது என்று வைத்தாலும் நொடிக்கு 12 லிட்டர். மூன்று நொடி பற்றாமல் இருந்தால் உள்ளே 35 லிட்டர் கேஸ் சேர்ந்துவிடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இயற்கை எரிவாயு கலந்திருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். 35 லிட்டர் கேஸ் காற்றோடு கலந்தால் முன்னூறு, நானூறு லிட்டர் வெடிக்கும் கலவை. அது ஃபர்னஸ் குழாய்க்குள் அடைபட்டு நிற்கிறது. பாய்லரின் பின்கதவைப் பிய்த்து எறிய அதுவே போதும்.

இதைத் தடுக்கத்தான் பர்னர் கன்ட்ரோலர் ஓர் ஒழுங்கில் வேலை செய்கிறது. முதலில் ஃபேன் ஓடும். காற்று அழுத்த சுவிட்ச் 'காற்று இருக்கிறது' என்று உறுதி செய்யும். டேம்பர் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) முழுதாகத் திறந்து, உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியே தள்ளும். இதுதான் பர்ஜ். ஃபர்னஸும் புகைவழியும் கொள்ளும் அளவைப்போல் குறைந்தது நான்கு மடங்கு காற்றாவது போக வேண்டும். பிறகு டேம்பர் மூடி வந்து, ஸ்பார்க் அடித்து, கேஸ் வால்வு திறக்கும். சில நொடிக்குள் ஃப்ளேம் கண் சுடரைப் பார்க்காவிட்டால் வால்வு மூடி லாக்அவுட் ஆகிவிடும்.

ஆகவே லாக்அவுட் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நாளைக் காலை பர்னர் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நின்று, ஃபேன் ஓடிய நொடியிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள்.

பர்ஜ் முடிவதற்குள்ளேயே நின்றால் காற்றில் குறை. உங்கள் ஆலையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பஞ்சுத் தூசியைத்தான். துணி உலர்த்திகளிலிருந்து பறக்கும் பஞ்சை பர்னரின் காற்று வாய் இழுத்துக்கொள்ளும். ஃபேன் இறக்கைகளின் உள்வளைவில் அது சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படியும். இறக்கையின் வளைவு நிரம்பிவிட்டால் ஃபேன் ஓடும், சத்தமும் வரும், காற்று மட்டும் குறைந்துவிடும். மின்சாரத்தை அணைத்துப் பூட்டிவிட்டு, இறக்கைகளைக் கழற்றி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அழுத்த சுவிட்சுக்குப் போகும் சின்ன ட்யூப்பில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பார்க் அடித்தும் சுடர் வரவில்லையென்றால் எலெக்ட்ரோடைப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே பொதுவாக 3 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும், உங்கள் பர்னர் கையேட்டில் சொன்ன அளவே சரி. பீங்கானில் முடி அளவு விரிசல் விழுந்தாலும் ஸ்பார்க் முனைக்குப் போகாமல் அந்த விரிசல் வழியே தப்பிவிடும். நம் ஊர் ஈரத்தில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பர்னரின் பீங்கானில் காலையில் நீர் பூத்திருக்கும். காலையில் மட்டும் தகராறு, பிறகு நாள் முழுவதும் சரி என்றால் இந்த இடத்தையும் ஃப்ளேம் கண்ணின் கண்ணாடியையும் முதலில் துடைத்துப் பாருங்கள்.

சுடர் வந்து ஓரிரு நொடியில் அணைந்தால், கண் அழுக்காக இருக்கலாம், அல்லது காற்று அதிகமாகிச் சுடரைத் தள்ளிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது லோடு ஏறியதும் நின்றால் கேஸ் ஃபில்டர் அடைப்பு, லைன் அழுத்தக் குறைவு. பாய்லர் அறைக் கதவையும் ஜன்னலையும் மூடி வைத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு கனமீட்டர் கேஸ் எரிய ஏறக்குறைய 10 கனமீட்டர் காற்று வேண்டும். அது எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும்.

வால்வு லீக் சோதனையில் நின்றதாகப் பெட்டி காட்டினால் ஒரு முறைகூட ரீசெட் கூடாது. மூடியிருக்க வேண்டிய வால்வு கேஸை விடுகிறது என்று அர்த்தம்.

நீங்கள் ஆலையில் எழுதி ஒட்டவேண்டிய விதி: காரணத்தைப் பார்த்து எழுதியபின் ஒரு ரீசெட். மறுபடி நின்றால் கை காக்கை மூடிவிட்டு, சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற கேஸ் ஆளைக் கூப்பிடுவது. பர்ஜ் நேரத்தைக் குறைப்பது, அழுத்த சுவிட்சுக்குக் குறுக்கே ஒயர் போட்டு இணைப்பது, ஃப்ளேம் கண்ணுக்கு வேறு வெளிச்சம் காட்டி ஏமாற்றுவது, இவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள். டெர்மினல்களில் யாரோ முன்பே போட்டுவைத்த துண்டு ஒயர் இருந்தால் படம் எடுத்து முதலாளியிடமே காட்டுங்கள். சூப்பர்வைசரை மீறுவதாக நினைத்துத் தயங்க வேண்டாம். அந்தப் பின்கதவுக்கு எதிரே நிற்பது நீங்கள்தான்.

கேள்வி: எங்கள் பாய்லருக்கு சர்வீஸ் செய்ய வந்தவர் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை 8 சதவீதத்தில் வைத்துவிட்டு "பாதுகாப்புக்காக" என்றார். கேஸ் பில் ஏறிவிட்டது. சரியா அவர் செய்தது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கொஞ்சம் அதிகக் காற்று பாதுகாப்புதான். ஆனால் 8 சதவீதம் ஆக்சிஜன் என்றால் தேவைக்கு மேல் 60 சதவீதம் காற்று. அத்தனை காற்றையும் 30 டிகிரியில் உள்ளே இழுத்து 220 டிகிரியில் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்புகிறீர்கள். அதைச் சூடாக்கிய கேஸுக்கும் காசு உங்களுடையது.

நல்ல நிலையில் இருக்கும் கேஸ் பர்னரில் முழு வேகத்தில் 3 முதல் 3.5 சதவீதம் ஆக்சிஜன் போதும். புகை 220 டிகிரி என்று வைத்தால், 8-லிருந்து 3.5-க்கு இறங்கும்போது பாய்லரின் திறன் இரண்டரை சதவீதம் கூடும். ஆனால் அவர் ஏன் அங்கே நிறுத்தினார் என்று கேளுங்கள். காற்றைக் குறைக்கக் குறைக்க கார்பன் மோனாக்சைடு திடீரென்று ஏறியிருக்கலாம். நல்ல பர்னரில் அது 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்குக்கு) உள்ளேயே இருக்கும். 5 சதவீத ஆக்சிஜனிலேயே நூற்றுக்கணக்கில் ஏறினால் கேஸும் காற்றும் சரியாகக் கலக்கவில்லை: காற்றைச் சுழற்றிக் கலக்கும் டிஃப்யூசர் தட்டு வளைந்திருக்கும், அல்லது கேஸ் துளைகள் சில அடைந்திருக்கும். டேம்பரை அசைக்கும் லிங்க்கேஜ் கம்பிகள் தேய்ந்து ஆட்டம் கொடுத்தாலும், இன்று வைத்த அளவு நாளை நிற்காது. அதனால்தான் சிலர் தாராளமாகக் காற்றை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். லிங்க்கேஜைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு, குறைந்த, நடு, முழு வேகம் மூன்றிலும் அளந்து செட் செய்யச் சொல்லுங்கள். அளவுச் சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

புகையின் வெப்பத்தையும் தினமும் ஒரே லோடில் குறித்து வாருங்கள். 7 பார் அழுத்தத்தில் ஸ்டீம் 170 டிகிரி. புகை அதைவிட 40 முதல் 70 டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால் குழாய்க்கு நெருப்புப் பக்கம் கரி, அல்லது தண்ணீர்ப் பக்கம் உப்புப் படிவு. புகை 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு சதவீத எரிபொருள் போகிறது.

கேள்வி: பவுடர் கோட்டிங் செய்யும் சிறு கம்பெனி. இப்போது தின்னர் கலந்த பெயின்ட் வேலையும் எடுத்திருக்கிறோம். அதே ஓவனைத்தான் பயன்படுத்துகிறோம். கேஸ் மிச்சமாகட்டும் என்று எக்ஸாஸ்ட் டேம்பரை முக்கால் மூடி வைத்திருக்கிறோம். ஓவன் நன்றாக ஓடுகிறது, ஆனால் கதவைத் திறந்தால் கண் எரிகிறது.
– வாசகர், புக்கிட் மிஞாக்

பதில்: இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் ஓவன் பக்கத்தில் இருந்தால், முதலில் பெயின்ட் லோடை நிறுத்திவிட்டு டேம்பரை முழுதாகத் திறந்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பவுடரிலிருந்து ஆவியாக வருவது மிகக் குறைவு. தின்னர் பெயின்ட் அப்படியல்ல. ஓவனில் வைத்த முதல் சில நிமிடத்தில் தின்னரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். டோலுயினை எடுத்துக்கொள்வோம். 1 லிட்டர் டோலுயின் ஆவியானால் ஏறக்குறைய 230 லிட்டர் ஆவி. அது காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே பற்றும். 230 லிட்டரை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்யவே 21 கனமீட்டர் காற்று வேண்டும். ஓவனில் அந்த எல்லையில் கால் பங்குக்கு மேல் போகவிடக்கூடாது என்பது வழக்கம். அதாவது நான்கு மடங்கு, 84 கனமீட்டர். சூட்டில் எல்லை இன்னும் கீழே இறங்கும். லோடு லோடாக வைத்துச் சுடும் ஓவனுக்கு, 121 முதல் 260 டிகிரி வரை, 1.4-ஆல் பெருக்க வேண்டும் என்கிறது ஓவன்களுக்கான அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரமான என்எஃப்பிஏ 86. ஆக ஒரு லிட்டருக்கு 120 கனமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 120 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் தவறுகிறார்கள். அந்த 120 அறை வெப்பத்தில் அளந்த காற்று. 180 டிகிரியில் வெளியே போகும்போது அது ஒன்றரை மடங்கு விரிந்து 180 கனமீட்டர் ஆகிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனை அந்த அளவுக்குத் தேர்வு செய்ய வேண்டும். மேலும், ஒரு மணி நேரச் சராசரி என்று கணக்குப் போடாதீர்கள். 2 லிட்டர் தின்னர் முதல் 5 நிமிடத்தில் வெளியேறினால், 240 கனமீட்டர் புதுக் காற்று அந்த 5 நிமிடத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும்.

எனவே எக்ஸாஸ்ட் டேம்பரில் ஒரு வெட்டுத் துளை போடுங்கள், அல்லது முழுதாக மூட முடியாதபடி ஸ்டாப்பர் வெல்டிங் செய்யுங்கள். கை வைத்து மூடும்படி இருந்தால் யாராவது ஒருநாள் மூடுவார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதை மோட்டார் கான்டாக்டரில் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சில்) பார்க்காமல் காற்று அழுத்த சுவிட்ச் வழியாக பர்னரோடு இணையுங்கள். பெல்ட் அறுந்தாலும் கான்டாக்டர் 'ஓடுகிறது' என்றுதான் சொல்லும். பற்றவைக்கும் முன் பர்ஜ் கணக்கு எளிது: ஓவன் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 15 கனமீட்டர், நான்கு மடங்கு 60. நிமிடத்துக்கு 20 கனமீட்டர் இழுக்கும் ஃபேன் என்றால் 3 நிமிடம். பெயின்ட் அடித்த பொருளை ஓவனில் வைப்பதற்கு முன் வெளியே காற்றோட்டமான இடத்தில் 10, 15 நிமிடம் விட்டால், ஆவியில் நல்லதொரு பங்கு அங்கேயே போய்விடும். அந்த இடத்துக்கும் தனி எக்ஸாஸ்ட் வேண்டும், பக்கத்தில் தீப்பொறி எதுவும் கூடாது.

கண் எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆவியைத்தான் உங்கள் ஆட்கள் மூச்சிழுக்கிறார்கள்.

கேஸை மிச்சப்படுத்த வேறு இடம் இருக்கிறது. கதவு சீல், பொருளைவிடக் கனமான தொங்கல் ரேக்குகள், பாதி லோடில் ஓட்டுவது. 200 கிலோ இரும்பு ரேக்கை ஒவ்வொரு முறையும் 180 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: தெர்மல் ஆயில் ஹீட்டர், 280 டிகிரியில் ஓடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்ததும் பர்னரையும் பம்ப்பையும் ஒன்றாக அணைத்துவிட்டுப் போகிறோம். இப்போது ஒரு வால்வு பக்கத்தில் இன்சுலேஷனிலிருந்து மெல்லிய புகை வருகிறது. ஆயிலும் கறுத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், பிறை

பதில்: முதலில் புகை. ஆயில் கசிந்து இன்சுலேஷன் கம்பளிக்குள் ஊறியிருக்கிறது. கம்பளிக்குள் ஊறிய ஆயில், டிரம்மில் இருக்கும் ஆயிலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே தானாகக் கனலத் தொடங்கும். காற்று கிடைக்காததால் புகையாக நிற்கிறது. சூடாக இருக்கும்போது தகரத்தை உரித்தீர்களானால் காற்று உள்ளே போய்ச் சட்டென்று தீப்பிடிக்கும். பர்னரை நிறுத்துங்கள், பம்ப்பை ஓடவிடுங்கள், ஆறட்டும். தீயணைப்பான் கையருகே இருக்கட்டும். நன்றாக ஆறிய பிறகு உரித்து, ஊறிய கம்பளியை முழுதாக வெளியே எறியுங்கள். கழுவிப் பயன்படுத்த முடியாது. வால்வையும் ஃப்ளாஞ்ச்சையும் சுற்றி மறுபடி கம்பளி கட்டாதீர்கள். செல்லுலர் கிளாஸ் போன்ற ஆயில் உறிஞ்சாத வகையைப் போடுங்கள், அல்லது கசிவு கண்ணில் படும்படி கழற்றக்கூடிய தகர உறை மட்டும் போதும். வால்வு தண்டு மேல்நோக்கி இருந்தால் சீலில் கசியும் ஆயில் நேராகக் கம்பளிக்குள் இறங்கும். பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

இனி, பம்ப். ஆயில் கறுத்ததற்கு வேறெதையும் தேடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். பர்னர் நின்றாலும் ஃபர்னஸ் செங்கல்லும் காயிலும் சூடாகவே இருக்கின்றன. ஆயில் ஓடும்போதே குழாய்ச் சுவரை ஒட்டிய படலம் நடுவே ஓடும் ஆயிலைவிட இருபது, முப்பது டிகிரி சூடாக இருக்கும். ஓட்டம் நின்றால் அந்தப் படலம் அங்கேயே வெந்துபோகும். ஆயில் சிதைந்து, லேசான பகுதி பிரிந்துபோய் ஃப்ளாஷ் பாயிண்டை (ஆயில் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்த வெப்பத்தை) கீழே இழுக்கும்; கனமான பகுதி கரியாகச் சுவரில் ஒட்டும். கரி ஒட்டிய இடத்தில் சூடு ஆயிலுக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, ஒருநாள் குழாயில் ஓட்டை விழும். அப்போது ஆயில் கொட்டுவது நெருப்புக்குள்.

பர்னர் நின்ற பின் ஆயில் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை பம்ப் ஓட வேண்டும். இதை ஆளின் நினைவை நம்பி விடாமல் டெம்பரேச்சர் சுவிட்ச் வழியாகவே வயரிங் செய்யச் சொல்லுங்கள். டிஎன்பி மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்பதும் உண்டு. கேஸ் பர்னர் அந்தக் கணமே அணைந்துவிடும். மரக்கட்டை, தேங்காய் ஓடு எரிக்கும் ஹீட்டரில் நெருப்பு அணையாது. அங்கே ஜெனரேட்டரோ டீசல் எஞ்சின் பம்ப்போ இல்லாமல் ஓட்டவே கூடாது.

சூடான ஆயில் விரிய இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் 60 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் காற்று பட்டால் ஆயில் புளித்துவிடும், அமில எண் ஏறும். பெரும்பாலும், ஆரம்பத்தில் தண்ணீரை வெளியேற்றத் திறந்த வழி மூடப்படாமலேயே இருக்கும். டேங்க் அளவையும் சரிபாருங்கள்: மினரல் ஆயில் 100 டிகிரிக்கு 7 முதல் 8 சதவீதம் விரியும். 3,000 லிட்டர் ஆயிலை 30-லிருந்து 280-க்குச் சூடாக்கினால் 560 லிட்டர் கூடும். குளிர்ந்திருக்கும்போது டேங்க்கில் கால் பங்கு, சூடான பிறகு முக்கால் பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

இரண்டு வருடம் என்பது கணக்கே அல்ல. வருடத்துக்கு ஒரு முறை சாம்பிள் கொடுங்கள். ஃப்ளாஷ் பாயிண்ட், விஸ்காசிட்டி, அமில எண், கரி மிச்சம், நீர் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். டேங்க் அடியிலிருந்து எடுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் லைனிலிருந்து கூலர் வழியாக எடுங்கள். நன்றாக நடத்தினால் பத்து வருடம் ஓடும் ஆயில் உண்டு; நீங்கள் அணைக்கும் விதத்தில் அணைத்தால் ஒரு வருடத்திலேயே கெடும். புது ஆயில் ஊற்றும்போது 105 முதல் 120 டிகிரிக்குள் நிறுத்தி, பைப்பில் கொடகொட சத்தம் அடங்கும்வரை பொறுத்திருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் ஸ்டீமாக விரியும். அவசரப்பட்டால் சூடான ஆயில் டேங்க் வாய் வழியாகப் பொங்கி வரும்.

கேள்வி: கிச்சாப்பும் சாஸும் தயாரிக்கிறோம். நான்கு ஜாக்கெட் கெட்டில் (சுற்றுச்சுவருக்குள் ஸ்டீம் விட்டுச் சூடாக்கும் அண்டா), ஒரே ஸ்டீம் டிராப் (ஸ்டீமை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் வால்வு). கண்டென்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆகும் நீர்) எல்லாம் லோங்காங்கில், அதாவது சாக்கடையில் போகிறது. ஒரு கெட்டில் மட்டும் சூடேறுவதே இல்லை.
– வாசகர், கெப்போங்

பதில்: ஒவ்வொரு கெட்டிலுக்கும் தனி டிராப் போடுங்கள். நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால், அழுத்தம் அதிகமுள்ள கெட்டில் மற்றதன் நீரை வெளியேற விடாது. சூடேறாத கெட்டிலின் ஜாக்கெட்டில் தண்ணீர் நிற்கிறது. காற்று வெளியேற்றும் வசதியுள்ள ஃப்ளோட் டிராப் இந்த வேலைக்குப் பொருத்தம்.

கண்டென்சேட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஊட்டும் தண்ணீர் 30-லிருந்து 84 டிகிரி ஆனால் எரிபொருளில் 8 முதல் 9 சதவீதம் மிச்சம். மென்மையாக்கும் உப்பும் மருந்தும் மிச்சம். ஒரு கண் மட்டும் வையுங்கள்: கெட்டிலின் உள்சுவரில் ஓட்டை விழுந்தால் கிச்சாப் உப்பு கண்டென்சேட்டில் வந்து பாய்லருக்குள் போகும். திரும்பும் லைனில் நீரின் உப்பைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் வைத்தால் உடனே எகிறிக் காட்டும். ஸ்டீம் விட்டுக்கொண்டே இருக்கும் கெட்ட டிராப்பையும் தேடுங்கள். 7 பாரில் 3 மி.மீ. துளை என்றால் மணிக்கு 25 முதல் 30 கிலோ ஸ்டீம் போய்விடும். ஒரு டன் ஸ்டீமுக்கு ஏறக்குறைய 2.9 எம்எம்பிடியு (பத்து லட்சம் பிடியு, கேஸை அளக்கும் வெப்ப அலகு) கேஸ். உங்கள் பில்லில் உள்ள ரிங்கிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். புதுக் குழாய் போடும்போது ஸ்டீம் போகும் திசையில் நூறுக்கு ஒன்று சரிவு கொடுங்கள். தாழ்ந்த இடத்தில் தேங்கும் தண்ணீரை ஸ்டீம் தூக்கி அடிக்கும் 'டணார்' சத்தம், வளைவுகளையும் வால்வு உடலையும் உடைக்கக்கூடியது.

கேள்வி: மின்சார ஓவன். 160-இல் செட் செய்தது, 210 வரை போய்விட்டது. கன்ட்ரோலர் அவுட்புட் பூஜ்யம் என்றுதான் காட்டியது. அது பொய் சொல்லுமா?
– வாசகர், செராஸ்

பதில்: கன்ட்ரோலர் சரியாகத்தான் சொன்னது. எஸ்எஸ்ஆர் (ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலெக்ட்ரானிக் ரிலே) போய்விட்டது. அது கெடும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் நிற்காது, இணைந்தே நின்றுவிடும்; ஹீட்டர் அணையவே அணையாது. அதனால்தான் தனி தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்), கையால் ரீசெட் செய்யும் தனி ஓவர்-டெம்பரேச்சர் லிமிட், அது இழுத்துவிடும் மெக்கானிக்கல் கான்டாக்டர் மூன்றும் வேண்டும். லிமிட்டை வேலை வெப்பத்துக்கு 15, 20 டிகிரி மேலே வையுங்கள். மாதம் ஒரு முறை லிமிட்டை அப்போதுள்ள வெப்பத்துக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். கான்டாக்டர் 'டக்' என்று விழ வேண்டும். எஸ்எஸ்ஆர் ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடு கக்கும். ஹீட்சிங்க் சிறியதாகவும் பேனல் மூடியும் இருந்தால் அடுத்ததும் இதே வழியில்தான் போகும். தெர்மோகப்பிள் உறையிலிருந்து நழுவி வெளியே தொங்கினாலும் குறைந்த வெப்பம் காட்டி, ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவைக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை என்றால் உடனே பம்ப்பைப் போட்டுத் தண்ணீர் விடலாமா? ஜேகேகேபி (மலேசியப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சட்டம் மாறிவிட்டது என்கிறார்களே, பழைய சான்றிதழ் போதுமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: விடக்கூடாது. குழாய்கள் வறண்டு சிவந்திருந்தால், அவற்றின்மேல் படும் தண்ணீர் ஒரே நேரத்தில் ஸ்டீமாகி அழுத்தம் எகிறும். சிவந்த இரும்பும் குளிர்ந்து வெடிக்கும். பர்னரை அணையுங்கள், ஃபீட் பம்ப்பை ஆஃப் நிலைக்குக் கொண்டுவாருங்கள், சேஃப்டி வால்வைத் தூக்காதீர்கள், பாய்லர் நீரை வெளியேற்றும் புளோடவுன் வால்வைத் திறக்காதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டுத் தானாக ஆறவிடுங்கள். பிறகு தகுதி பெற்றவர் உள்ளே பார்க்காமல் மறுபடி எரிக்கக்கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் அந்தப் பொறுப்புகள் வந்துவிட்டன. பாய்லருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது மாறவில்லை. உங்கள் சான்றிதழில் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதற்கு வெகு முன்பே ஜேகேகேபி அலுவலகத்தோடு பேசிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று: 2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. வருடத்துக்கு 21,600 கிகாஜூலுக்கு மேல் எரிசக்தி பயன்படுத்துவோர் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். ஸ்டீமில் சொன்னால் ஏறக்குறைய 7,000 டன். 2 டன் பாய்லர் முழு லோடில் 3,500 மணி நேரம் ஓடினால் அங்கே வந்துவிடுவீர்கள். மின்சாரமும் அந்தக் கணக்கில் சேரும்.

கிளாஸ் காட்டுவது உண்மைதானா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் சோதியுங்கள். கிளாஸுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மேலே ஸ்டீம் காக், கீழே தண்ணீர் காக் இரண்டையும் மூடி டிரெய்னைத் திறங்கள். கிளாஸில் இருந்தது வடிந்தபின் எதுவும் வரக்கூடாது. தண்ணீர் காக்கை மட்டும் திறங்கள், தண்ணீர் வேகமாக வர வேண்டும், மூடுங்கள். ஸ்டீம் காக்கை மட்டும் திறங்கள், ஸ்டீம் வர வேண்டும், மூடுங்கள். டிரெய்னை மூடி, தண்ணீர் காக்கை மெல்லத் திறங்கள், கிளாஸ் மேல்வரை நிரம்பும். இப்போது ஸ்டீம் காக்கைத் திறந்தால் தண்ணீர் இறங்கி வேலை மட்டத்தில் நிற்கும். மந்தமாக இறங்கினால் அந்தப் பக்கம் அடைப்பு. மேல் காக், கீழ் காக் இரண்டும் திறந்தும் டிரெய்ன் மூடியும் இருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள்.